ஒரு துளிக்கு இரண்டு மருமகள்கள்

கல்யாணமான நாளிலிருந்து மூத்த மருமகள் சலவைக் கடையின் பின்கட்டில்தான் இருக்கிறாள். ஆவியும் புழுக்கமும் இஸ்திரிப் பெட்டியும்தான் அவளுக்குத் துணை. போன வருடம் வந்த ஓரகத்தியோ முன்பக்கத்து மேசையில் உட்கார்ந்து சிரித்த முகமாகத் துணி வாங்கிப் போடுகிறாள். இப்போது தெருவே அதை ‘அந்தப் பொண்ணு கடை’ என்கிறது.

கடைக்கு விடுமுறை விட்டுக் குகை பார்க்கக் கிளம்பிய அன்றும் அதே கதைதான். மலையேறும் வழியெல்லாம் மாமியார் சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அருவியைக் காட்டியதும் அவளுக்கு, பள்ளத்தாக்கில் வெள்ளிக் கம்பியாய் நெளிந்த ஆற்றைக் காட்டியதும் அவளுக்கு. பெரியவள் தண்ணீர்ப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள்.

குகைக்குள் வழிகாட்டி விளக்கைப் போட்டு, கூந்தலை விரித்துக் குனிந்த பெண்ணைப் போல் கூரையிலிருந்து தொங்கிய ஒரு பாறையைக் காட்டினார். ஆடு தேடி உள்ளே போன புருஷன் திரும்பாததால் அழுது அழுதே கல்லானவளாம். அவள் கண்ணீர் யார் தலையில் விழுகிறதோ அவரால்தான் அந்த வீடு விளங்குமாம்.

அவர் வாய் மூடவில்லை, சின்னவளின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. கூட்டம் கை தட்டியது. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றாள்.

என்றைக்கு, யாரிடம் சொன்னாளோ! பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எல்லாரும் அடுத்த அறைக்கு நகர்ந்தபோது அவள் நகரவில்லை. பாறைக்கு நேர் கீழே போய் அண்ணாந்து நின்றாள். நுனியில் ஒரு துளி திரண்டது, பெருத்தது, விழ மனமில்லாமல் தொங்கியது. அதற்குள் வழிகாட்டி அந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டார்.

அப்படியோர் இருட்டை அவள் கண்டதேயில்லை. கத்தலாம். கத்தினால் அங்கே ஏன் நின்றாய் என்று கேட்பார்களே. ஈரப் பாறையைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு செல்போன் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. யார் வந்தாலும் சரி, சின்னவள் மட்டும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அவள்தான் வந்தாள். போச்சு, தேடிக் கண்டுபிடித்த பேரும் இனி அவளுக்குத்தான்.

“இங்க என்னக்கா பண்றீங்க?”

செருப்பு வார் கழன்றுவிட்டது என்று பெரியவள் முணுமுணுத்தாள். சின்னவள் செருப்பைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து வழுக்குப் படியில் ஏற்றினாள். பாதி வழியில் நின்றாள்.

“உங்களக் காணோம்னதும் அத்தை போட்ட சத்தம் இருக்கே. ‘என் வீட்டுத் தூணு எங்கடி’ன்னு என்னைக் கேக்குறாங்க, நான்தான் எங்கயோ ஒளிச்சு வச்ச மாதிரி. வந்து ஒரு வருஷமாச்சு, என்னை ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருப்பாங்களா?”

அந்தக் குரலைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவள் நெஞ்சுக்குள் புகைகிற குரல்தான் அது. இஸ்திரிச் சூட்டில் வெந்த உடம்பில் யாரோ விசிறியது போலிருந்தது.

“அத்தை என்ன சொன்னாங்க? சரியாக் கேக்கல, இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

சின்னவள் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை தூணை விட்டுவிட்டாள்.