உதிர்ந்த அளவுக்குக் குளிர்

சந்தன்நகரில் அந்த வருடம் குளிர்காலம் வைகாசி மாதத்திலேயே வந்துவிட்டது. அனிமா ஷிக்தார் வளர்த்த நாயின் முதுகிலிருந்து வந்தது. இதில் ஊருக்குள் இரண்டு கருத்து கிடையாது. அதை வரவழைத்தது சரியா தவறா என்பதில் மட்டும் சில வீடுகளுக்குள் இன்னமும் பேச்சுவார்த்தை இல்லை.

நாயின் பெயர் துலோ. அந்த ஊர்ப் பேச்சில் பஞ்சு என்று அர்த்தம். கலிம்போங்கிலிருந்து ஆரஞ்சு ஏற்றி வந்த லாரியில், வைக்கோலுக்குள் பழத்தோடு பழமாகத் தூங்கிக்கொண்டிருந்த குட்டி அது. லாரி ஆபீசில் வேலை பார்த்த பிரணப் அதைத் திருப்பி அனுப்ப வழி தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் மனைவி ஜோத்ஸ்னா வாசலிலேயே மறித்து, பூஜையறை உள்ள வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பிரணப்பின் தங்கை அனிமா, கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே தங்கித் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், குட்டியை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பூஜையறை கீழேதான் இருந்தது. அதனால் சட்டம் மீறப்படவில்லை.

மலை நாய்க்கு ஆற்றங்கரை ஊரின் கோடை என்றால் என்னவென்று தெரியாது. ஹூக்ளிக் கரையில் சித்திரை பிறந்துவிட்டால் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். உலர்த்திய துணி உலர்த்தியதைவிட ஈரமாகத் திரும்பி வரும். அனிமா கேட்டும் பார்த்தும் கைப்பழக்கத்திலும் அதற்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டாள். தார்ச் சாலை காயுமுன் நடைக்குக் கூட்டிப்போவாள். வேப்பிலை ஊறிய தண்ணீரில் குளிப்பாட்டினால் முடியின் வேர்வரை துவட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அடிமுடியில் ஈரம் தங்கினால் அந்தப் புழுக்கத்தில் தோல் புளித்துப் புண்ணாகிவிடும். காது மடலைத் துடைப்பாள், விரலிடுக்கில் உண்ணி பார்ப்பாள். பிறகு சிவப்புச் சிமென்ட் தரையில் உட்கார்ந்து இரும்புச் சீப்பை எடுப்பாள். துலோவுக்கு மேலே நீள முடி, உள்ளே நெருக்கமான மெத்தை முடி. மேல்முடி வெயிலுக்குக் குடை, அதைத் தொடக்கூடாது. உள்முடிதான் கோடையில் தானே கழன்று வரும்.

முதல் கோடையில் முதல் பிடி உள்முடி சீப்போடு வந்தபோது அனிமாவின் முழங்கால் சில்லிட்டது. மின்சாரம் போயிருந்த நேரம். அடுத்த பிடியில் அறை முழுக்க மார்கழி வாசனை அடித்தது. குட்டியாக இருந்தபோது மலையில் உள்ளே போன குளிர் அப்படியே முடியில் தங்கியிருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்று அனிமா புரிந்துகொண்டாள். புதன்கிழமைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மீன்காரி ஒரு பிடி முடியை வாங்கி இலிஷ் மீன் கூடையின் மேல் போட்டுக்கொண்டாள். எதிர்வீட்டுக் கோபேன் பாபு, தும்மல் வந்தாலே டாக்டரைக் கூப்பிடுகிறவர், குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தினமும் மாடிக்கு வந்து நாற்காலி போட்டார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திச் சீவும்மா. வயிறு பக்கம் விட்டுட்டே பாரு."

"உதிர்றதுதான் வரும் பாபு. நாயைச் சீவுறேன், தேங்காய் துருவல."

வருடங்கள் இப்படியே போயின. கோடையில் துலோவிடமிருந்து குளிர் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குப் போகும், தை மாதத்தில் ஊரிலிருந்து கொஞ்சம் துலோவுக்குத் திரும்பும். யாருக்கும் நஷ்டம் இல்லை. சாயங்காலமானால் நாயே சீப்பை வாயில் கவ்விக்கொண்டு வந்து அனிமாவின் மடியில் போட்டுவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

பிரணப்பின் மகள் ஜும்கிக்குக் கல்யாணம் ஆனது மாசியில். அவளை வளர்த்தது பாதி அம்மா, பாதி அத்தை. மாப்பிள்ளை தீபாயன் கல்கத்தாவில் குளிர்சாதன வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். கல்யாணத்தன்று கூட்டமும் ஹோமப்புகையும் சேர்ந்த மண்டபத்துப் புழுக்கத்தில் மாலையோடு மயங்கி விழுந்தான். "பெண் வீடா அது, சூளை" என்று சம்பந்தியம்மாள் சொன்னது ஜோத்ஸ்னாவின் காதில் ஆணி அடித்ததுபோல் தங்கிவிட்டது. வைகாசியில் மாப்பிள்ளை சஷ்டி வருகிறது. அந்த ஊர்ப்பக்கம் அது சாதாரணப் பண்டிகை இல்லை. மாமியார் மாப்பிள்ளையை உட்காரவைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, நனைத்த பனையோலை விசிறியால் வீசி, பழமும் மீனும் கறியும் இனிப்புமாக ஊட்டித் தீர்க்க வேண்டும். வருடத்திலேயே கொடும் புழுக்கமான வாரத்தில் இதை வைத்தவன் எவனோ மாமியாரே இல்லாதவன். முதல் சஷ்டிக்கு மாப்பிள்ளை வராவிட்டாலோ, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாலோ, ஜும்கி அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள்? ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஜோத்ஸ்னா மாடியேறி வந்தாள். நாத்தனாரின் அறைக்கு அவள் வந்தது அந்த வருடத்தில் முதல் தடவை.

"தினம் ஒரு பிடி ரெண்டு பிடின்னு எடுக்கிறியே, மொத்தமா எடுத்தா வீடு முழுக்கக் குளிரும்ல?"

"சிரைக்கவா சொல்றீங்க அண்ணி? அதுக்கு அதுதானே குடை."

"முடிதானே, முளைக்கும். என் பொண்ணு மானம் முளைக்குமா? நீ வளர்த்த பொண்ணுடி அவ."

அனிமா மறுத்திருக்கலாம். நாய் அவளுடையது, மறுத்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஜும்கியின் முகம் கண்முன் வந்தது, சரி என்று சொல்லிவிட்டாள்.

சஷ்டியன்று காலையில் நாவிதர் ஹாபுல் வந்தார். அந்தத் தெருவில் அப்பா அம்மா செத்தவர்களுக்கெல்லாம் மொட்டை போட்டவர் அவர். நாயைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்டாமலே நின்றார்.

"இதுக்கு யார் செத்தா?"

"யாரும் சாகல. எடுங்க" என்றாள் அனிமா.

துலோ தன் பழக்கப்படி சீப்பைக் கொண்டுவந்து அனிமாவின் மடியில் போட்டு, சாய்ந்து படுத்து, தலையை அவள் தொடையில் வைத்தது. கத்தி முதுகில் இறங்கியபோது அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான். அவள் உட்கார்ந்திருந்தால் அது எதற்கும் படுத்துக்கொள்ளும். பாதி முதுகு ஆனதும் ஜன்னல் கண்ணாடி மங்கியது. வயிற்றுக்கு வந்தபோது மாடிப்படியில் மூடுபனி இறங்கியது. மாப்பிள்ளை வந்து இறங்குகையில் தெரு முனைவரை புகையாகப் பனி நின்றது. அவனுக்கு வியர்க்கவில்லை. பலகையில் உட்கார்ந்து லிச்சியும் மாம்பழமும் இறாலும் ஆட்டுக்கறியும் நிதானமாகச் சாப்பிட்டான். ஆனால் சடங்கு சடங்குதான். ஜோத்ஸ்னா தண்ணீரில் முக்கிய விசிறியால் வீச, மாப்பிள்ளையின் பற்கள் தந்தியடித்தன, பிரணப் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து சால்வை எடுத்துப் போர்த்தினார். ஜும்கி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்து அந்த வீடு பார்த்ததில்லை.

ஊரில் அந்த வாரம் முழுவதும் குளிர்காலம். குளிரில் மட்டுமே சொட்டும் ஈச்சமரம் வைகாசியில் பதநீர் விட்டது, புதுவெல்லப் பாயசம் வீடு வீடாக மணத்தது. பஞ்சடைத்த ரஜாய்ப் போர்வைகள் வெளியே வந்தன. கோபேன் பாபு குல்லாய்க்கு மேல் மப்ளரும் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தார். பிறகு ஒரு மத்தியானம் எல்லாம் தீர்ந்து, கோடை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

துலோவிடம் மட்டும் ஒன்றும் மிச்சமில்லை. இளஞ்சிவப்புத் தோலில் கருப்புத் திட்டுகளோடு, வேறொரு பிராணிபோல் கட்டிலடியில் கிடந்தது. குடை போன தோலில் வெயில் நேராக இறங்கியது. தோல் உரிந்தது, காய்ச்சல் கண்டது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வகை முடி முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அனிமா பழைய நூல் சேலைகளை நனைத்துப் பிழிந்து மாற்றி மாற்றிப் போர்த்தினாள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினாள். சாயங்காலமானால் துலோ எழுந்து, தள்ளாடிப்போய், சீப்பைக் கவ்விக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டது. சீவுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் சீப்பைத் திருப்பிப் பிடித்து, முதுகுப்பக்கத்தால் தோலில் படாமல் வெறும் காற்றைச் சீவினாள். நாய் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது. அது திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஜோத்ஸ்னா இதை ஒருநாள் படியில் நின்று பார்த்தாள். மறுநாளிலிருந்து மாடி வாசலில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தயிரும் நறுக்கிய வெள்ளரியும் இருந்தன. யார் வைத்தது என்று அனிமா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஜோத்ஸ்னா பூனை என்று சொல்லியிருப்பாள்.

ஆடியும் ஆவணியும் மழையில் போயின. ஐப்பசியில் ஜகத்தாத்ரி அம்மன் பூஜை முடிந்து விளக்கலங்காரமெல்லாம் அவிழ்த்த பிறகு, ஊரே ரஜாய்களை வெயிலில் தட்டிப்போட்டு வடக்குக் காற்றுக்குக் காத்திருந்தது. காற்று வந்தது. ஆற்றைக் கடந்து, கடைத்தெருவில் நிற்காமல், நேராக ஷிக்தார் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து, அங்கே மூக்கை வடக்கே நீட்டி நின்றிருந்த நாயின் தோலுக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் முதுகெலும்போரம் வெள்ளைப் பூஞ்சைபோல் முடி அரும்பியிருந்தது. அனிமா அதைத் தடவிப் பார்த்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஊருக்குக் குளிர் வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி வந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஈச்சமரம் சொட்டவில்லை, காலிஃப்ளவர் குடைபோல் விரிந்து கெட்டது. அந்த ஊர்க்காரர்கள் வருடம் முழுவதும் வேர்ப்பதே அந்தக் கொஞ்சநாள் குளிருக்காகத்தான். கடைசியில் கோபேன் பாபு தலைமையில் தெருவே திரண்டு வந்து வாசலில் நின்றது. குல்லாய் அவர் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"அனிமா, ஒரு மாசம் அதை எங்கேயாவது சொந்தக்காரங்க ஊர்ல விட்டுட்டு வாம்மா. எங்க குளிரெல்லாம் அது ஒண்ணே குடிக்குது."

அனிமா இருப்பது அண்ணன் வீடு. ஊரைப் பகைத்துக்கொண்டு அண்ணன் குடும்பம் எப்படி வாழும் என்ற யோசனையில் நின்றாள். முடி இன்னும் விரல்நுனி அளவுதான் வளர்ந்திருந்தது. இப்போது வளராவிட்டால் அடுத்த கோடையை அது தாண்டாது. அப்போது சமையலறையிலிருந்து ஜோத்ஸ்னா மஞ்சள் கையோடு வெளியே வந்தாள்.

"வைகாசியிலே மப்ளர் சுத்திக்கிட்டு ஆத்தங்கரையிலே நடந்தது யாரு, நானா? புதுவெல்லப் பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்சது யாரு? இந்த வருஷத்துக் குளிரை முன்னாடியே சாப்பிட்டாச்சு பாபு. மிச்சம் அதோடது. வயித்தெரிச்சல்னா என்னைச் சொல்லுங்க, சிரைக்கச் சொன்னது நான்தான்."

கோபேன் பாபு குல்லாயைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். அவர் வீட்டுக்கும் ஷிக்தார் வீட்டுக்கும் பேச்சு நின்றது அன்றைக்குத்தான். அந்த வருடம் சந்தன்நகரில் குளிர்காலம் இல்லை. பஞ்சாங்கம் விற்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள்.

பங்குனியில் துலோ பழையபடி பஞ்சுமூட்டையாக நின்றது. சித்திரையில் ஒரு சாயங்காலம் சீப்பைக் கொண்டுவந்து மடியில் போட்டது. அனிமா அதை எடுத்து முதுகில் வைத்து இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவில் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் தானாகவே ஒரு பிடி கழன்று வந்தது, அறையில் புதுவெல்லம் மணத்தது. அனிமா அதை இரண்டாகப் பிரித்து, பாதியை ஜோத்ஸ்னாவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். மீதியை எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்தாள். காலையில் அங்கே அது இல்லை.

மாப்பிள்ளை தீபாயன் இப்போதும் ஒவ்வொரு சஷ்டிக்கும் வருகிறான். மற்றவர்கள் குடை கொண்டுவருவதுபோல் கையில் ஒரு சால்வையோடு வருகிறான். வந்ததும் மாடியேறி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான். முன்நெற்றியில் வேர்வை வழிகிறது.

"இன்னைக்கு எவ்வளவு உதிர்ந்துது அத்தை?"

"ஒரு பிடி."

"போதும்" என்று சால்வையை மடித்து வைத்துவிட்டு, விசிறியை எடுத்துத் துலோவுக்கு வீச ஆரம்பிக்கிறான்.