மாரியாயியின் கையெழுத்து

டாக்டர் ஐங்கரனிடம் இரண்டு தமிழ் இருந்தது. ஒன்று, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் அம்மா பூரணத்தோடு பேசும் யாழ்ப்பாணத் தமிழ். இன்னொன்று, மனநல வார்டுக்கு வரும் ரப்பர் தோட்டத்துச் சனங்களோடு பேசுவதற்காக அவர் தேடிக் கற்றுக்கொண்டது. "என்னக்கா, பசியாறியாச்சா?" என்று இரண்டாவதில் கேட்டால் போதும், போலீசிடம் வாயே திறக்காதவர்கள்கூட அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். 'தமிழ் கேஸா, ஐங்கரன்கிட்ட அனுப்பு' என்பது வார்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மனுஷனுக்கு அதில் பெருமை வேறு! போன வருஷம் சுபாங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் இளம் டாக்டர்களைக் கூட்டி வைத்து, குற்றம் சாட்டப்பட்டவரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கினார்.

அந்தக் கைதட்டை நினைக்க இப்போது உடம்பு கூசியது. ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். எதிரே, குற்றவாளிக் கூண்டில், மாரியாயி. அவர் உள்ளே வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய், 'சாப்பிட்டியா?' என்று சைகையில் கேட்டாள். அவர் பார்க்காதது போல ஃபைலைப் புரட்டினார்.

மாரியாயிக்கு ஐம்பத்தாறு வயது. கிள்ளானுக்கு வடக்கே மேருவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவியவள். புருஷன் அய்யாவு லோரி ஓட்டியவர். முப்பது வருஷமாகக் குடித்துவிட்டு வந்து அவளைப் போட்டு மிதித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தலையில் அம்மிக்குழவி இறங்கியது, ஆள் அங்கேயே முடிந்துபோனார். கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார், பயத்தில் அடித்துவிட்டேன் என்று அவள் போலீசில் சொன்னாள். அவர்கள் கொலை என்று வழக்குப் போட்டார்கள். கொலை என்று தீர்ப்பானால் தூக்கு, அல்லது முப்பது வருஷத்துக்குக் குறையாத சிறை. பயத்தில் செய்தது என்று நீதிபதி நம்பினால் தண்டனை பாதிக்கு மேல் குறையும், உயிரோடு வெளியே வந்துவிடலாம்.

அவள் மனநிலையைப் பார்க்கச் சொல்லி நீதிமன்றம் ஒரு மாதம் மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே ஐங்கரனின் வேலை அவளைக் குணப்படுத்துவது இல்லை. சம்பவத்தன்று அவளுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா என்று பார்த்து நீதிபதிக்கு அறிக்கை எழுதுவது.

இந்த வேலையில் முதல் விதியே ஒன்றுதான். பேச்சை ஆரம்பிக்கும் முன்னால், 'நீங்க சொல்றது கோர்ட்டுக்குப் போகும், விருப்பமில்லன்னா சொல்ல வேணாம்' என்று எதிரே இருப்பவருக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். அதற்கு மலாயில் அச்சடித்த படிவம், ஒரு பாரம் உண்டு. தமிழர் என்றால் தமிழில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஐங்கரன் விளக்க மாட்டார். விளக்கினால் சனங்கள் உஷாராகிவிடுகிறார்கள், அறிக்கை சப்பென்று போய்விடுகிறது. அதனால் வார்டில் சேர்க்கிற அன்று நர்ஸ் நீட்டும் காகிதங்களோடு, துணிமணிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று வருமே, அவற்றோடு அதையும் சேர்த்துவிடுவார். மாரியாயி எட்டுக் காகிதத்திலும் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள். 'தமிழில் விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் ஐங்கரன் அப்புறமாக உட்கார்ந்து டிக் போட்டார். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

பதினெட்டு நாள் அவள் போலீசில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க ஒரு ஈ காக்காய் வரவில்லை. ஒரே மகன் லோகன், அப்பனைக் கொன்றவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று செமினி ஊரிலேயே இருந்துகொண்டான். தினமும் வந்தவர் ஐங்கரன் ஒருவர்தான். சூடாக மைலோ வாங்கி வந்து எதிரே உட்கார்ந்து தானும் குடித்தார். முட்டி வலிக்குத் தைலம் கொடுத்தார். முதலில் டாக்டர் என்றவள் ஒரு வாரத்தில் தம்பி என்றாள். அவருக்கு அது வேலைக்கு உதவியாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவள் உடைந்து அழுதாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன் தம்பி. கத்தியும் இல்ல, ஒன்னும் இல்ல. அந்த மனுஷன் தூங்கிக்கிட்டு இருந்தாரு. நல்லா கொறட்ட விடட்டும்னு கதவுகிட்ட உக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன். முழிச்சிருந்தா எனக்குக் கை வராது லா."

"சொல்லிட்டீங்கல்லக்கா, இனிமே மனசு லேசாயிடும்" என்றார் ஐங்கரன்.

அவள் அவர் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஈரம் காய்வதற்குள் அவர் அறைக்குப் போய், அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் தட்டினார். தூங்கும் வரை காத்திருக்கத் தெரிந்தவளுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. நல்ல அறிக்கை. அன்றைக்கு அவருக்கு வெட்கம் என்று ஒன்று வரவே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய் அம்மாவின் புட்டையும் சொதியையும் வயிறாரச் சாப்பிட்டார்.

இப்போது மாரியாயியின் வக்கீல் எழுந்தாள். விஷ்ணுப்ரியா என்று பெயர், இலவசச் சட்ட உதவியில் வந்த சின்னப் பெண். அந்தப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதைத் தமிழில் விளக்கினீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விளக்காமல் வாங்கிய கையெழுத்து என்றால், மாரியாயி டாக்டரிடம் சொன்னது வழக்கில் நிற்காது.

ஐங்கரன் மனசுக்குள் கணக்குப் போட்டார். இல்லை என்று சொன்னால் இந்த ஒரு டிக் மட்டும் பொய்யாகாது. பதினோரு வருஷத்து டிக் எல்லாம் பொய்யாகும். அத்தனை வழக்கையும் கிளறுவார்கள். வேலையும் போகலாம், டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் போகலாம்.

"விளக்கினேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க? தமிழ்லயே சொல்லுங்க டாக்டர், மொழிபெயர்ப்பாளர் இருக்காங்க."

அவர் சொன்னார். சொன்னார் என்ன, பிய்த்து உதறினார்! "அக்கா, நான் உங்களுக்கு வைத்தியம் பாக்க வரல. நீங்க எங்கிட்ட சொல்றது எல்லாம் ஜட்ஜுகிட்ட போகும். பிடிக்கலன்னா பேச வேணாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." அந்த இரண்டாவது தமிழில் ஒரு பிசிறு இல்லை. சொல்லி முடித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இவ்வளவுதான் வேலை, பத்து விநாடிகூட ஆகவில்லை. அந்தப் பத்து விநாடியை அவளுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

மாரியாயி தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். புதிதாக ஒன்றைக் கேட்பவளின் முகம் அது. நெற்றி சுருங்கியது. வக்கீல் பெண்ணைப் பார்த்தாள், வியர்த்து நிற்கும் ஐங்கரனைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சொன்னாருங்க! தம்பி சொன்னாரு. எனக்குத்தான் மறந்துபோச்சு. அவர ஏம்மா போட்டுக் கேக்குற? பாவம், தங்கமான புள்ள."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி அதை மலாயில் சொன்னார். நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். விஷ்ணுப்ரியா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். தன் கட்சிக்காரியே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதை அவள் என்ன செய்ய முடியும்? அரசு வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்தார். விஷயம் முடிந்தது. ஐங்கரன் இறங்கிப் போகலாம், காரை எடுக்கலாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்விடலாம்.

அவர் இறங்கவில்லை. ஐயோ, அவள் தன் கழுத்தைக் கொடுத்து இவர் மானத்தைக் காப்பாற்றுகிறாள்! பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. காதுமடல் வரை எரிந்தது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"யாங் ஆரிஃப்" என்று நீதிபதியை விளித்து ஆங்கிலத்தில் சொன்னார். "நான் இப்போது சொன்னது பொய். அந்த அம்மாவிடம் நான் எதையும் விளக்கவில்லை. கையெழுத்து வாங்கிய பிறகு நானே டிக் போட்டேன். சொன்னால் பேச மாட்டார் என்பதற்காகத்தான் சொல்லவில்லை. அவரோடு பழகியதே அந்த அறிக்கைக்காகத்தான்."

என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். தெரியும் என்றார் ஐங்கரன். நீதிபதி வெகுநேரம் எழுதினார். அவள் டாக்டரிடம் சொன்னதாக உள்ள பகுதியை இந்த வழக்கில் பார்க்கப் போவதில்லை என்றார். டாக்டரின் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்பது தனியாகப் போகும், அவருடைய பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குவார்கள் என்றார். விஷ்ணுப்ரியாவின் கண் கலங்கியிருந்தது. மாரியாயிக்கு வழி திறந்துவிட்டது.

ஆனால் ஐங்கரன் பார்த்தது நீதிபதியையும் இல்லை, வக்கீலையும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் குனிந்து அவர் சொன்னதை ஒவ்வொரு வரியாக மாரியாயிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அவர் பழகியது எதற்காக என்ற கடைசி வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் தலை ஆடவில்லை.

இடைவேளையில் அவளைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். ஐங்கரன் போய் எதிரே நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். இரண்டு தமிழிலும் அதற்கு ஒரு சொல் அகப்படவில்லை. வாய் பழகிய பழக்கத்தில் அதுவாகவே பேசியது.

"சாப்பிட்டீங்களாக்கா?"

மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, ஒன்றுமில்லை. சேலை முந்தானையை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டாள்.

"ஆச்சுங்க டாக்டர்" என்றாள்.

போலீசார் கொடுத்த சோற்றுப் பொட்டலம் அவள் பக்கத்திலேயே பிரிக்காமல் இருந்தது.