எச்சரிக்கைகள்: பூஜ்யம்

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு என்றால் பல்கலைக்கழகத்தில் அது பாதிக் கல்யாணம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முடிந்ததும் ஆய்வு மாணவர் வீட்டார் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். என் அத்தா உபைதுல்லா சிம்மக்கல்லில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், சும்மா விடுவாரா? எழுபது பேருக்குப் பிரியாணியோடு வேன் பிடித்து, காலையிலேயே நாகமலை புதுக்கோட்டை வளாகத்துக்கு வந்து இறங்கிவிட்டார்.

"டாக்டர் ஃபாயிஸா ஆக இன்னும் எம்புட்டு நேரம்மா?" என்று அரங்க வாசலிலேயே கேட்டார்.

ஏற்கெனவே ஆறு வருடம் ஆகிவிட்டது. அடுத்த மாதத்துக்குள் பட்டம் வராவிட்டால், நான் தற்காலிகமாகப் பாடம் எடுக்கும் கல்லூரி வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு நிரல் மொழியோடு கூடவே ஆயிரக்கணக்கில் ஆயத்த ஃபங்ஷன்கள், அதாவது முன்பே எழுதிவைத்த குட்டி நிரல்கள், வரும். சிலவற்றுக்குக் கொடுக்கும் மதிப்பு லினக்ஸ் கணினியில் ஓடும், விண்டோஸ் கணினியில் விழுந்துவிடும். அப்படிப்பட்ட மதிப்பு எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று எச்சரிக்கும் கருவிதான் என் ஆய்வு. தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 09 என்று வராமல் 9 என்று வர, தேதி ஃபங்ஷனுக்கு ஒரு சின்னக் கோடு சேர்த்துக் கொடுத்தால் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸில் அந்தக் கோடு செல்லாது. என் ஆய்வேட்டின் முதல் உதாரணமே இதுதான்.

லினக்ஸ் போட்ட என் லேப்டாப்புக்கும் அரங்கத்துப் புரொஜெக்டருக்கும் ஒத்துவரவில்லை. "இங்க இருக்கற கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டுங்களேன்" என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கனகலட்சுமி. அது விண்டோஸ். கருவியைத் திறந்தேன். முகப்பில் இன்றைய தேதியைக் காட்டும் வரியிலேயே படுத்துவிட்டது. அதே கோடு. நான் போட்ட கோடு.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"கருவியோட சொந்த நிரல்ல எச்சரிக்கை பூஜ்யம்னு அட்டவணையில போட்டிருக்கீங்களே?" என்றார் கனகலட்சுமி.

என் நெறியாளர் செல்வக்குமார் முந்திக்கொண்டார். "அந்த வரி இன்னைக்குக் காலையில சேர்த்ததா இருக்கும் மேடம். அப்படித்தானம்மா?"

தலையாட்டினேன்.

உண்மை வேறு. இரண்டு வருடம் முன்பு அதன் நிரலை அதனிடமே கொடுத்தபோதே கருவி அந்த வரியைக் காட்டிக் கத்தியது. அதோடு இன்னும் நாற்பது வரிகள். மறுநாள் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். என் லேப்டாப்பில் ஓடுகிறதே, வேறு எவர் ஓட்டப்போகிறார்கள் என்று நாற்பத்தொன்றையும் 'கண்டுகொள்ளாதே' பட்டியலில் எழுதினேன். அதில் எழுதிவிட்டால் கருவி வாய் திறக்காது. அட்டவணையில் பூஜ்யம் வந்தது. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன், திருத்தவே இல்லை.

கனகலட்சுமி நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று.

"உங்க லேப்டாப்பை இங்க கொண்டாங்க. அந்த வரி இருக்கற கோப்பைக் கருவிகிட்டயே கொடுங்க. காலையில சேர்த்ததை இப்பப் பிடிச்சிருச்சுன்னா போதும், நான் கையெழுத்துப் போடுறேன்."

மறுக்க வழியில்லை. ஓட்டினேன்.

எச்சரிக்கைகள்: பூஜ்யம்.

பட்டியலைத் திறந்து காட்டினால் கருவி பிழைக்கும். அட்டவணை பொய், தலையாட்டியதும் பொய் என்று நான் தொலைவேன். திறக்காவிட்டால் கருவி போகும். பட்டியலைத் திறக்காமலே லேப்டாப்பை மூடினேன்.

"முதல் உதாரணத்தையே பிடிக்கலையேம்மா" என்று கனகலட்சுமி உண்மையான வருத்தத்தோடு சொன்னார். கருவி வேலை செய்யவில்லை என்று எழுதி, ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

வெளியே அத்தா கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"கருவி சரியில்லைன்னுட்டாங்க அத்தா."

"நீ சரியாத்தானே செஞ்சே?"

"சரியாத்தான் செஞ்சேன். அது சொல்ல வேண்டியதைச் சொல்லல."

"ஆறு வருசம் உசுரக் கொடுத்து உழைச்சிருக்க. நன்றிகெட்ட மிஷினு" என்றார். கண் கலங்கியிருந்தது. முதல் தட்டை எனக்குத்தான் போட்டார்.

நாற்பத்தொரு தடவை சொல்லியிருந்தது. குனிந்த தலை நிமிராமல் தின்றேன்.