லியோகாதியா படகில் ஏறினாள்

“உன் குரலை எந்த அடகுக் கடையில வச்சிருக்க, யாதிரா?”

டிசம்பர் முப்பத்தொன்று வந்தால் எலியோதோரோ மாமா இப்படித்தான் கேட்பார். வீட்டில் மற்றவர்களிடம், போகிற வருஷத்தில் என்ன கிழித்தீர்கள் என்று விசாரிப்பார். தங்கை மகள் யாதிராவிடம் இது மட்டும். வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். மாமாவுக்கும் பதில் சொன்னதில்லை.

இந்த வருஷம் அவர் கேட்கவில்லை. மூச்சு விடுவதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். காலையில் பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். அப்போதும் மாமா, “நாடகம் எத்தனை மணிக்கு?” என்றுதான் கேட்டார்.

ஒன்பது மாதமாகக் குவாயாகில் நகரமே பார்த்த தொடர் அன்று சாயங்காலம் முடிகிறது. சர்க்கரை நோயில் பார்வை போன மாமா அதைக் காதால் பார்த்தவர். வில்லி லியோகாதியா மாட்டுவாள் என்று தெரு மொத்தமும் சொன்னது. தப்பித்துவிடுவாள் என்று அவர் ஒருவர் மட்டும் சொன்னார். கீழே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் வில்மர் அவருக்கு எதிர்க்கட்சி. பழைய வருஷம் தொலையட்டும் என்று நள்ளிரவில் தெருவில் எரிக்கும் பொம்மையை இந்த முறை லியோகாதியாவாகவே செய்து, கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்.

“அவ தப்பிச்சா எரிக்கக் கூடாது. தோள்ல தூக்கிட்டு ஊர்வலம் போகணும்,” என்று மாமா போன வாரம் பந்தயம் கட்டினார்.

“தூக்குறேன்யா. மூணு கொலை பண்ணவளுக்கு வக்காலத்து வாங்குறியே, வெக்கமா இல்ல?”

“கதாநாயகி அழுததைத் தவிர என்ன பண்ணா? உழைச்சது பூரா இவதானே.”

கடைசிப் பகுதி தொடங்கிய சற்று நேரத்தில் கரண்ட் போனது. தெருவின் இந்தப் பக்கம் மட்டும். எதிர்வீட்டு அசுசேனா, மாமாவின் நிலைமை தெரிந்து, தன் மாடி டிவியை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அக்கம்பக்கத்துப் பட்டாசில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. படம் மட்டும் தெரிந்தது.

“எனக்கு அவ்வளவு தூரம் கண்ணு தெரியாதே, அண்ணே,” என்று அம்மா அழுதாள்.

மாமாவின் விரல் கட்டிலைத் தட்டியது. “யாதிரா...”

அவள் ஜன்னலுக்குப் போனாள். “லியோகாதியா ஜெயில்ல இருக்கா,” என்றாள்.

“கேக்கல.”

“ஜெயில்ல இருக்கா, மாமா! காவல்காரன் தூங்குறான்!”

கீழே இருட்டில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “மாடியில கதை சொல்றாங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள். வில்மர் மேளக்காரர்களை அடக்கினார். “சத்தமா சொல்லும்மா!”

அவள் சொன்னாள். கீழே எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஜன்னலை விட்டு ஓரடி பின்வாங்கினாள். லியோகாதியா காவல்காரனின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதற்குத்தான் அந்தச் சிரிப்பு என்று புரிய ஒரு நொடி ஆனது. மறுபடி முன்னால் வந்து இன்னும் உரக்கச் சொன்னாள்.

“ஆத்துக்கு வந்துட்டா! படகு இருக்கு!”

“ஏறிட்டாளா?” மாமாவின் குரல்.

“ஏறிட்டா!”

“கயிறு?”

“அவுத்துட்டா, மாமா!”

“அப்படிப் போடு,” என்றார் மாமா.

பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. யாதிரா திரும்பிப் பார்த்தாள். அம்மா தன் உள்ளங்கையை அவர் வாயருகே வைத்திருந்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பின் அந்தக் கையாலேயே அவர் கண்களை மூடினாள். போதும் என்பதுபோல் மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“போலீஸ் வந்துச்சா? என்னாச்சு, சொல்லும்மா!” கீழே தெருவே கத்தியது.

யாதிரா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துச்சு! ரெண்டு படகு!” அவள் குரல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. “சுடுறாங்க! படலை! அவ திரும்பிக்கூடப் பாக்கல. திருடின நகைப்பெட்டி மடியில இருக்கு. கடல் வந்துருச்சு! சிரிக்கிறா! முடிஞ்சுது! அவ தப்பிச்சுட்டா!”

“எலியோதோரோ! எலியோதோரோ!” என்று ஊளையும் கைதட்டலுமாக அவர் பெயர் மேலேறி வந்தது. மேளம் வெடித்துக் கிளம்பியது. லியோகாதியா நாற்காலியோடு நாலு பேர் தோளில் ஏறினாள். அம்மா அண்ணனின் தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வைத்தாள்.

படியில் வில்மரின் குரல் கேட்டது. “யோவ், ஜெயிச்சுட்டேய்யா! இந்தா, உன் கால்ல விழ வந்திருக்கேன்...”

வாசலில் நின்றுவிட்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கட்டிலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். ஜன்னலில் நின்றவளை எல்லோரையும்விட நீண்ட நேரம் பார்த்தார். அருகே வந்து, பக்கவாட்டில் சரிந்திருந்த மாமாவின் பாதங்களைச் சேர்த்து நேராக வைத்தார்.

பின் சத்தம் வராமல் படியிறங்கிப் போனார். தெருவில் மேளம் நிற்கவில்லை.