இருளப்பசாமியின் பிடிமண்

சோலார் கம்பெனிக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் பிடிமண் எடுக்க மறந்திருந்தார்கள். தம்பி எடுப்பான் என்று என் கணவர் சேதுபதி. அண்ணன் எடுப்பார் என்று கொழுந்தன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் பட்டினி போட்டிருக்க வேண்டும்.

எங்கள் இருளப்பசாமிக்குச் சிலை கிடையாது. அந்த நிலத்தில் நின்ற உடைமரத்தடி மண்தான் சாமி. அதில் ஒரு பிடியைக் கொண்டுவந்து வைத்தால்தான் கடலாடியில் நாங்கள் வாங்கிய இடத்தில் சாமி குடியேறும், என் மகள் கோகிலாவுக்குக் காது குத்த முடியும்.

"எல்லாத்தையும் நெரவிட்டாய்ங்க. எங்கனன்னு போயித் தேடுவ?" என்றார் என் கணவர்.

"எடுக்காம வீடு திரும்ப மாட்டேன். நீங்க வாரீகளா, நான் மட்டும் போகவா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வேலிக்குள் கண்ணுக்கெட்டிய தூரம் இரும்புத் தூண்கள்தான். ஒரு மரம் மிச்சமில்லை. வருஷம் தவறாமல் நான் பொங்கல் வைத்த இடம் எனக்கே தெரியவில்லை. எதிரே வந்த வேலையாட்களை எல்லாம் மறித்துக் கேட்டேன்.

நிலம் அளக்கிற கீழக்கரைப் பையன் இஃப்திகார்தான் நின்று விஷயத்தைக் கேட்டான். காடு வெட்டும் முன் ட்ரோன் எடுத்த படத்தை லேப்டாப்பில் காட்டினான்.

"இதுல ஒங்க மரம் எது, அக்கா?"

வண்டிப்பாதை வளைகிற இடத்தில் ஒற்றையாக நின்றது. விரலை வைத்தேன். அவன் அந்தப் புள்ளிக்கு வழிகாட்டும் அளவுக் கம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க, நாங்கள் பின்னால் ஓடினோம். தூணுக்காகத் தோண்டியிருந்த ஒரு குழியின் விளிம்பில் நின்றான். கான்கிரீட் லாரி பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. டிரைவரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினான்.

குழியிலிருந்து வந்த மண் குவிந்து கிடந்தது. "இதுல ஒரு பிடி அள்ளிட்டு வா" என்றார் இவர்.

"மேலயும் கீழயும் கலந்த மண்ணு அது. சாமி இருந்த மண்ணு எனக்கு வேணும்."

குப்புறப் படுத்துத் தோள் வரை கையை உள்ளே விட்டேன். குழிச் சுவரின் மேல்பகுதியில், நிரவுவதற்காகக் கொட்டிய செம்மண். அதற்குக் கீழே விரலுக்கு மெத்தென்று பட்டதை நகத்தால் சுரண்டி அள்ளினேன்.

வெளியே எடுத்தால், உள்ளங்கை முழுக்கக் கரி. சாம்பலோடு ஒரு பானை ஓடு. எத்தனையோ வருஷத்துப் பொங்கல் அடுப்பு.

இவர் காலில் கிடந்த செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் துண்டை ஏந்தினார்.

மண்ணை அதில் போட்டு முடிந்தேன்.

"தம்பி, இனி ஊத்தச் சொல்லுங்க."