ரிவர்ஸ் நன்றாகப் போகிற கப்பல்

அக்காவுக்கு ஒரு கப்பல் வேண்டும், அதுவும் விண்வெளிக் கப்பல். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓட்டத்தான் என்றாலும், அவள் சல்லடை போட்டுச் சலித்ததைப் பார்த்தவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறாள் என்றே நினைத்திருப்பார்கள்.

நாலு பேர் சேர்ந்த கூட்டம் அது. கீழ்வீட்டில் தம்பியும் அவன் மனைவியும், மாடியில் அக்கா, இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர். கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப் போவதும், வழிமறிக்கிற கொள்ளைக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும்தான் லீவு நாளில் இவர்கள் பிழைப்பு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தம்பி போடுகிற கூச்சல், ஹெட்போன் இல்லாமலே மாடிவரை கேட்கும். அதில் முக்கால்வாசி அக்காவைத் திட்டுவது.

ஏழு மாதத்துக்கு முன்னால் அக்கா ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் முறிந்த எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் சரியாகவில்லை. விரல்கள் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. கிடங்கில் பதினாலு வருஷம் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவளை லேபிள் ஒட்டுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஊரார் குரல். எல்லாரும் அவளிடம் ஆஸ்பத்திரி வார்டில் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். அந்தத் தொண்டைக்காரத் தம்பிகூடத் திட்டுவதை விட்டுவிட்டு, "சாப்பிட்டியாக்கா?" என்று குழைந்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவள் பழைய கப்பல் 'தும்பி'. சண்டையில் புலி, ஆனால் ஓட்ட இரண்டு கையும் வேண்டும்.

"நீ கஷ்டப்படாதேக்கா," என்றான் தம்பி. "என் கப்பல்ல பின்சீட் காலியாத்தான் இருக்கு. நீ சும்மா துப்பாக்கியைப் பாத்துக்கோ, ஓட்டறதை நான் பாத்துக்கறேன்."

"ஏத்திட்டுப் போக நான் என்ன பார்சலா?"

தும்பியைக் கொடுத்துவிட்டுத்தான் வேறு கப்பல் எடுக்க முடியும். எடுத்தது சண்டையில் நொறுங்கினால் அதோடு கதை முடிந்தது, பிறகு தம்பியின் பின்சீட்தான் கதி. அக்கா அதற்கு ஒப்புக்கொள்வதாக இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே கப்பல் சந்தைக்குள் நுழைந்தாள். அங்கே எந்தக் கப்பலையும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். மற்றவர்கள் ஏறுவார்கள், இரண்டு குட்டிக்கரணம் போடுவார்கள், நாலு குண்டு சுடுவார்கள், வேகம் எவ்வளவு கவசம் எவ்வளவு என்று பட்டியலைப் படித்துவிட்டு வாங்கிவிடுவார்கள். அக்கா பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்டர், உங்க கப்பல்ல இருக்கிற பெட்டியெல்லாம் ஒண்ணொண்ணா என் கப்பலுக்குத் தள்ளுங்க."

"எதுக்குக்கா? இது ஓட்டிப் பாக்கிற கப்பலாச்சே."

"காலியா ஓட்டினா எல்லா வண்டியும் தங்கமாத்தான் இருக்கும். லோடு ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும்."

பல் டாக்டர் பொறுமைசாலி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அலறுகிறவர்களோடு காலம் தள்ளுகிறவர் அல்லவா? பெட்டி பெட்டியாகத் தள்ளினார். தம்பி சிபாரிசு செய்த 'பருந்து' காலியாக இருந்தபோது சொன்ன பேச்சு கேட்டது. லோடு ஏறியதும், திருப்பி நிறுத்தினால் நிற்காமல் மூக்கு தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போனது. அதை அடக்க இடது கை ஓயாமல் நாலு பட்டனை அமுக்க வேண்டும். அக்கா இறங்கிவிட்டாள். அடுத்தது நேராகப் போனது, ஆனால் ரிவர்ஸ் போட்டால் நகர மனசில்லாமல் ஊர்ந்தது. அதையும் தள்ளினாள். ஆறு கப்பல் இப்படிக் கழிந்தது.

"ரிவர்ஸா?" தம்பி மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணி, விண்வெளியில யாரு ரிவர்ஸ் எடுப்பாங்க?"

"நான் எடுப்பேன்."

ஏழாவது கப்பலைச் சந்தையில் ஒருவரும் சீண்டுவதில்லை. பார்க்க அசல் சோப்பு டப்பா. திரும்ப அரை யுகம் ஆகும். ஆனால் லோடு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி போனது, திருப்பி நிறுத்தினால் நின்றது, முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போனது. வலது கையால் ஸ்டிக்கைப் பிடித்து, இடது உள்ளங்கையால் ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

"இதுதான்," என்றாள் அக்கா.

தம்பி பெருமூச்சு விட்டான். "உன் இஷ்டம்க்கா," என்றான் மெதுவாக. அந்த மெதுவுக்காகவே அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது அவளுக்கு.

ஞாயிறு மதியம் மருந்துப் பெட்டிகளோடு கிளம்பினார்கள். டாக்டரும் தம்பி மனைவியும் முன்னே, அக்கா நடுவில், தம்பி காவலாகப் பக்கத்தில். விண்கற்கள் நெருக்கமாக மிதந்த இடுக்கில் இரண்டு கொள்ளைக்காரர்கள் பாய்ந்தார்கள். ஒருவனைத் தம்பி மடக்கிக்கொண்டான். மற்றவன் நேராக அக்காவின் பின்னால் ஒட்டிக்கொண்டு சுடத் தொடங்கினான். கவசம் பாதி போனது.

"லோடைப் போட்டுட்டு ஓடுக்கா! அவன் அதைப் பொறுக்கிக்கிட்டுப் போயிடுவான்!" என்று கெஞ்சினான் தம்பி.

"போட மாட்டேன்."

உயரமான சரக்கைத் தூக்கினால் எதிரே ஒன்றும் தெரியாது என்பதால், ஃபோர்க்லிஃப்ட் பாதி நேரம் பின்பக்கமாகத்தான் போகும். பதினாலு வருஷம் கழுத்தைத் திருப்பியே வண்டி ஓட்டியவளுக்கு எது முன், எது பின்? அக்கா டப்பாவை நிதானமாக அரை வட்டம் சுற்றினாள். அது சுற்றி முடிப்பதற்குள் கவசம் கால்வாசிக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. மூக்கு எதிரியைப் பார்த்து நின்றதும் உள்ளங்கையால் பட்டனைத் தட்டினாள். டப்பா போகவேண்டிய திசையிலேயே ரிவர்ஸில் பறந்தது. திரையின் மூலையில் இருந்த பின்பக்கப் படத்தில் ஒரு கண், எதிரியின் மேல் ஒரு கண்.

துரத்தி வந்தவன் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கவே மாட்டான். ஓடுகிற கப்பல் தன் முகத்துக்கு நேராகவே சுட்டுக்கொண்டு ஓடுகிறது! அக்காவின் வலது கை ஆடவில்லை. பத்து எண்ணுவதற்குள் அவனுடைய ஒரு இன்ஜின் புகைந்தது. விட்டால் போதும் என்று ஓட்டம் பிடித்தான்.

இதற்குள் தன் ஆளை முடித்துவிட்டு, அக்காவைக் காப்பாற்றப் பறந்து வந்த தம்பி அவள் பாதைக்குக் குறுக்கே நுழைந்தான். டப்பாவின் பின்பக்கம் அவன் இறக்கையில் சொருகி, அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

அடுத்த நொடி தம்பியின் கூச்சல் மாடிவரை கேட்டது, ஹெட்போன் இல்லாமலே.

"கண்ணு எங்க வெச்சிருக்க? முழு இறக்கை போச்சு! இவ்ளோ பெரிய கப்பல் நிக்கிறது தெரியல? யாரு உனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தா? அறிவுன்னு ஒண்ணு இருந்தா..."

"ஏங்க!" தம்பி மனைவி பதறினாள். "அண்ணிகிட்டப் போய் இப்படியா..."

"நீ சும்மா இரும்மா," என்றாள் அக்கா. கண் நிறைந்து திரை மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. "ஏழு மாசம் கழிச்சு இப்பத்தான் வாயைத் திறந்திருக்கான். திட்டட்டும்."

தம்பிக்கு என்ன புரிந்ததோ, அரை நொடி தடுமாறினான். அப்புறம் விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டான். அக்கா வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுத்துக்கொண்டே, மருந்துப் பெட்டி ஒன்றுகூடக் குறையாமல், டப்பாவைத் துறைக்குள் பின்பக்கமாக நுழைத்தாள்.