கழுவ மட்டும்

"ஒரு மடக்காவது குடிம்மா. உதடெல்லாம் வெடிச்சிருக்கு பாரு."

"வேண்டாம் அத்தை. குடிச்சா போகணும்."

மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏழு மாத வயிறு. உடம்பு அனலாய்க் கொதித்தது. நீர்த்தாரையில் கிருமி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். குடிக்கலாம்தான். போவது எங்கே? அவர்கள் குடியிருந்த சந்துப் பெண்களுக்கு விடியுமுன்னும் இருட்டிய பின்னும் குப்பைமேட்டுப் புதர்தான். நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். பகலெல்லாம் அங்கே ஆண்கள் சீட்டாடினார்கள்.

பெரிய தெருவில் அரசாங்கம் கட்டிய பெண்கள் கழிப்பறையைத் தினமும் கழுவுகிறவள் மாமியார்தான். சுவரில் 'எல்லோருக்கும் சுகாதாரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சாவி மட்டும் தெருக் கமிட்டித் தலைவரின் மனைவியிடம். விடியலில் வாங்கி, கழுவிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, மருமக துடிக்கிறா. பிள்ளை பொறக்கிற வரைக்கும் உள்ள விடுங்கம்மா. அவ போயிட்டு வந்ததும் நானே கழுவி விட்டுடறேன்."

தலைவர் மனைவி ஒன்றும் கல்நெஞ்சக்காரி அல்ல. மசக்கையில் மருமகள் சுருண்டு கிடந்தபோது பழைய புடவை இரண்டு கொடுத்தவள்தான்.

"எனக்கென்னடி, நான் விட்டுடுவேன். தெருவுல இருக்கவங்க நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்களே! நீங்க போற எடத்துல அவங்க எப்படிடி போவாங்க? உங்க சந்துக்கும் ஒண்ணு வருதாம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

"பொறுத்துக்கிற சமாச்சாரமாம்மா இது?"

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் விடியலில் சாவி கைக்கு வந்ததும் மருமகளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். உட்கார்ந்தவள் விம்மி விம்மி அழுதாள். வலியா, நிம்மதியா என்று மாமியாருக்குப் புரியவில்லை. அதற்குள் வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள், கதவு அதிர்ந்தது.

"உள்ள யாருடி கூட?"

திறந்ததும் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கழுவ வந்தா கழுவிட்டுப் போகணும். இதுல குடும்பத்தோட வேற வருவியா?"

அன்றே வேலை போயிற்று. அந்த வாரமே குறைமாதத்தில் வலி கண்டது. பிறந்த பிள்ளை அழவேயில்லை. வெறுங்கையோடு வீடு திரும்பிய மருமகள், உதிரம் நிற்காத உடம்போடு, அதே புதருக்குத்தான் நடந்தாள்.

கழிப்பறை கழுவச் சந்திலிருந்து வேறு ஆள் கூப்பிட்டார்கள். ஒருத்தியும் வரவில்லை. அழைத்தவரின் முகத்துக்கு நேரே வீட்டுக் கதவைச் சாத்தினார்கள். தெருவிலும் எவளும் துடைப்பத்தைத் தொடவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்க, கடைசியில் பெரிய தெருப் பெண்களும் சொம்பைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அந்தி மயங்கும் நேரம். மருமகளுக்குக் காவலாக நின்றிருந்த மாமியார் முன்னால் தலைவர் மனைவி வந்து நின்றாள். முள் கிழித்த காலில் ரத்தம்.

"நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. நாளைக்கே வேலைக்கு வந்துடுடி. இந்தக் கண்றாவிய எத்தனை நாளுக்குத் தாங்குறது?"

"வர்றேம்மா. மொதல்ல எம் மருமக போவா, எங்க சந்துப் பொண்ணுங்க போவாங்க. அப்புறம் கழுவி விடறேன். நீங்க வாங்க."

தலைவர் மனைவி சொம்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, முள்ளை விலக்கி விலக்கி, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு புதரைத் தேடிப் போனாள்.